துயிலும் இல்லத்தில் விளக்கு வைக்கப் போகிறவர்களுக்கு

கார்த்திகை 27, அதாவது நவம்பர் 27, மாவீரர் நாள். போரில் இறந்த புலிகள் இயக்கப் பிள்ளைகளை, அவர்களைப் புதைத்த துயிலும் இல்லங்களில் விளக்கேற்றி நினைக்கிற நாள். அன்று மாலை 6.07க்கு ஒரு தாய் விளக்கைத் தொட்டால் அது பற்ற வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்காகச் செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய ஆறு வாரம். 2016இல் கிளிநொச்சி கனகபுரத்துக்குள் மக்கள் இறங்கிப் பற்றை வெட்டி, ஏழு வருடங்களுக்குப் பிறகு வெளிப்படையாக விளக்கேற்றியபோது மண்வெட்டி பிடித்தவர்களுக்கு இப்போது வயது ஏறிவிட்டது. இனி இந்த வேலையைச் செய்யப் போகிற பிள்ளைகள் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள் அல்லது அப்போது கைக்குழந்தைகள். துயிலும் இல்லம் முழுதாக இருந்த காலத்தை அவர்கள் பார்க்கவில்லை. அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில், அங்கே என்ன இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். தொடக்க காலத்தில் இறந்தவர்களின் உடல்கள் அந்தந்தக் குடும்ப வழக்கப்படி எரிக்கப்பட்டன அல்லது புதைக்கப்பட்டன. 90களின் தொடக்கத்திலிருந்து துயிலும் இல்லங்களில் புதைப்பது வழக்கமாயிற்று. 'புதைத்தல்' என்று யாரும் சொல்வதில்லை, 'விதைத்தல்' என்பார்கள். உடலை 'வித்துடல்' என்பார்கள். வரிசைகளில் இரண்டு வகைக் கற்கள் இருந்தன. உடல் உள்ளே இருந்தால் கல்லறை, உடல் கிடைக்காதவருக்கு நடுகல். இந்த வேறுபாடு முக்கியம். பின்னால் பெயர் பதியும்போதும் மண்ணில் கைவைக்கும்போதும் இது திரும்ப வரும். வன்னியில் கனகபுரம், விசுவமடு தேராவில், முள்ளியவளை, முழங்காவில், ஆலங்குளம், வன்னிவிளாங்குளம், அளம்பில், இரணைப்பாலை, தேவிபுரம், வவுனியாவில் ஈச்சங்குளம், மன்னார்ப் பக்கம் ஆட்காட்டிவெளி, பண்டிவிரிச்சான் என்று இடங்கள் இருந்தன. போர் முடிந்தபோது இவற்றின் கற்கள் இயந்திரங்களால் இடித்துக் கிளறப்பட்டன. சில இடங்களில் படைமுகாம் எழும்பியது. அப்படியான ஊர்களில் பக்கத்துக் காணியிலோ வீதியோரத்திலோதான் இன்றைக்கும் விளக்கு வைக்கிறார்கள்.

கல் இல்லாத இடத்தில் பெயர்தான் கல். ஆகவே முதல் வேலை மண்வெட்டியோடு அல்ல, ஒரு கொப்பியோடு தொடங்க வேண்டும். இதைப் பலர் கடைசிக்கு விடுகிறார்கள். கடைசி வாரத்தில் அவசரமாகப் பெயர்ப்பட்டியல் அடித்து, பிழையோடு தொங்கவிட்டு, 27ஆம் திகதி மாலை ஒரு தகப்பன் தன் பிள்ளையின் பெயரைத் தேடித் தேடி நிற்கிற நிலை வருகிறது. அது நடக்கக் கூடாது.

நீள ரூல் போட்ட 200 பக்கக் கொப்பி போதும். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். வீட்டுப் பெயர், இயக்கப் பெயர், தாய் தகப்பன் பெயர், பிறந்த ஊர், கடைசியாகக் குடும்பம் இருந்த ஊர், இறந்த திகதி, இறந்த இடம், எந்தத் துயிலும் இல்லம், கல்லறையா நடுகல்லா, வரிசை நினைவிருந்தால் வரிசை, இந்த விவரத்தைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார். கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும்போது எது யார் வாயிலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் திருத்தலாம்.

பிழை வரும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். இயக்கப் பெயர் ஒன்றே பலருக்கு இருந்தது. அதை மட்டும் எழுதினால் நான்கு தாய்மார் ஒரே பலகைக்கு முன்னால் நிற்பார்கள். ஆகவே வீட்டுப் பெயர் முதலில், பெரிய எழுத்தில். அடுத்தது திகதி. சில குடும்பங்கள் திதி பார்த்துத் திவசம் செய்வதால் தமிழ்த் திதியைத்தான் நினைவில் வைத்திருக்கும், ஆங்கிலத் திகதி தெரியாது. இறப்பு அறிவிக்கப்பட்ட நாளும் இறந்த நாளும் வேறாக இருப்பதும் உண்டு. பிந்தி எடுத்த இறப்புச் சான்றிதழில் இன்னொரு திகதி இருக்கும். மூன்றையும் எழுதி வையுங்கள். பலகையில் எதைப் போடுவது என்பதைக் குடும்பம் தீர்மானிக்கட்டும். எழுத்துப் பிழையில் ந, ன, ண மாறுவதுதான் அதிகம். அச்சுக்குக் கொடுக்க முன்னர் பட்டியலைப் பெற்றவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கண்பார்வை குறைந்த தாய்க்கும் காது பிழையைப் பிடிக்கும்.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயரைக் குடும்பத்தின் வாயால் சம்மதம் கேட்காமல் ஒருபோதும் சேர்க்க வேண்டாம். 2009 மே மாதம் வட்டுவாகலில் தன் கையால் பிள்ளையைப் படையினரிடம் ஒப்படைத்த தாய்க்கு அந்தப் பிள்ளை இறந்தவர் அல்ல. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய தொடர் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மார் கேட்பது 'எங்கே?' என்ற கேள்விக்குப் பதில். அவர்களில் ஒருவரின் பிள்ளைக்கு நீங்கள் விளக்கு வைத்தால் அந்தக் கேள்வியை நீங்களே முடித்து வைத்தது போலாகும். ஊர்க்காரர் 'அது முடிஞ்ச கதைதானே' என்று சொன்னாலும் கேட்காதீர்கள்.

அதே மாதிரி, கடைசிக் காலத்தில் விருப்பமில்லாமல் பிடித்துச் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் தாய்மாரில் சிலர் கோபத்தோடுதான் வருவார்கள். சிலர் வரவே மாட்டார்கள். வருகிறவரை வரிசையில் உட்கார வைப்பதும், வராதவர் வீட்டுக்குப் போய் 'ஏன் வரவில்லை' என்று கேட்காமல் இருப்பதும் இந்த வேலையில் அடக்கம். வேறு இயக்கங்களில் போய் இறந்த பிள்ளைகளின் வீடுகளும் ஊரில் உண்டு. அந்த வீட்டுத் தாய்க்கும் விளக்கு வைக்க ஓர் இடம் வேண்டும். அதற்கு ஊர் பெரியவர்கள் முன்கூட்டியே பேசி வழி செய்ய வேண்டும்.

தெற்கில், பத்தரமுல்லையில் இறந்த படையினரின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. அங்கே போகிற ஒரு சிங்களத் தாய் தன் மகனின் பெயரை விரலால் தடவிப் பார்க்கலாம். வன்னித் தாய்க்கு அது இல்லை. கிளிநொச்சி நகரத்தில் நிற்பதும் ஆனையிறவில் நிற்பதும் வென்றவர் கட்டிய சின்னங்கள். இது வன்னிக்குப் புதிதுமல்ல. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில், 1803 அக்டோபர் 31இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க், வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கல் நட்டார்கள். தோற்றவனை நினைக்க அந்தக் கல்லைத்தான் வன்னிச் சனம் நெடுங்காலமாகக் காட்டி வந்தது. எங்களுடைய எழுத்தில் ஒரு கொப்பியாவது இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்வது இதனால்தான்.

படங்கள் பற்றி ஒரு வரி. 2008, 2009 இடப்பெயர்வில் பெரும்பாலான வீடுகளின் அல்பம் போய்விட்டது. ஒரு வீட்டில் எஞ்சியிருப்பது அடையாள அட்டை அளவில் ஒரே ஒரு படமாக இருக்கலாம். அதை வாங்கிக்கொண்டு போக வேண்டாம். அவர்கள் வீட்டு முற்றத்திலேயே, நிழலில், படத்தைத் தட்டையாக வைத்து, போனை நேர் மேலே பிடித்து எடுத்துக்கொண்டு மூலப் படத்தை அந்தக் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். 27ஆம் திகதிக்கு அச்சடிக்கும் படத்தை லமினேற் செய்தால் நான்கு ஓரமும் அரை விரற்கடை வெறும் பிளாஸ்ரிக் விட்டு வெட்ட வேண்டும். படத்தோடு ஒட்ட வெட்டினால் ஓரத்தால் மழைத்தண்ணீர் ஏறி முகம் கரைந்துவிடும்.

இனி நிலம். புரட்டாதி (செப்டம்பர்) முடிய இரண்டு மழை பெய்தாலே பற்றை இடுப்பளவுக்கு வந்துவிடும். ஐப்பசி (அக்டோபர்) நடுவில் ஒரு சிரமதானம், கார்த்திகை இரண்டாம் வாரத்தில் இன்னொன்று என்று இரண்டு தடவை வெட்டினால்தான் 27ஆம் திகதி நடக்கக்கூடிய நிலம் கிடைக்கும். ஒரே தடவையில் முடிக்கலாம் என்று கார்த்திகை 20க்குப் போனால் ஈரப்புல்லில் மெசின் சிக்கும், வெட்டின குப்பை காயாது, எரிக்கவும் முடியாது. புல்வெட்டும் மெசின் உள்ள நான்கு பேர், கத்தியோடு பத்துப் பேர், அள்ள இருபது பேர் இருந்தால் ஓர் ஏக்கர் ஒரு காலையில் முடியும். அள்ளுகிறவர்கள்தான் எப்போதும் குறைவாக வருவார்கள். வெட்டுகிறவர்களைவிட இரண்டு மடங்கு அள்ளுகிறவர்களைக் கூப்பிடுங்கள்.

கைவைக்க முன்னர் காணி மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். வன்னியில் இன்றும் அகற்றும் வேலை நடக்கிறது. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை நிற்கிற இடத்தைத் தாண்டி ஓரடியும் வேண்டாம். அகற்றி முடித்த காணியிலும் மழைக்குப் பிறகு மண் கழுவுப்பட்டு ஏதாவது மேலே வரும். துருப்பிடித்த இரும்பு என்று அலவாங்கால் தட்டிப் பார்க்கக் கூடாது. நின்ற இடத்திலிருந்து வந்த வழியே திரும்பி, தூரத்தில் ஒரு தடியில் துணி கட்டி அடையாளம் வைத்து, 119க்குச் சொல்லிவிட்டு அந்தப் பக்கத்து வேலையை நிறுத்துங்கள். குப்பையை எரிப்பதாக இருந்தாலும் மண்ணில் போட்டு எரிக்க வேண்டாம். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோங்கள்.

பற்றைக்குள் புடையன் பாம்பு இருக்கும். சப்பாத்து இல்லாதவரைக் கத்தி பிடிக்க விடாதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம். கடிபட்ட காலை அசையாமல் வைத்து 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

பெக்கோ இயந்திரம் தருகிறேன் என்று நல்ல மனதோடு யாராவது வருவார். நன்றி சொல்லித் திருப்பி அனுப்புங்கள். கல்லறை வரிசையில் கல்தான் போயிருக்கிறது, உடல்கள் கீழேயே இருக்கின்றன. இடித்தபோது மண்ணும் புரட்டப்பட்டதால் எலும்பு எந்த ஆழத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. துயிலும் இல்லத்துக்கு வெளியேகூட, 2023இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டியபோதுதான் ஒரு மனிதப் புதைகுழி தெரியவந்தது. மண்வெட்டியை ஒரு சாணுக்கு மேல் இறக்க வேண்டாம். எலும்பு தெரிந்தால் கழுவுவதோ, எடுத்து வேறிடத்தில் வைப்பதோ கூடாது. மூடிவைத்து, ஒரு வழக்கறிஞர் ஊடாக நீதிமன்றத்துக்குத் தெரியப்படுத்த வேண்டும். வேலி போடுவதற்குக் குழி தேவை என்றால் வரிசைகளுக்கு வெளியே, எல்லையில் மட்டும். சீமெந்துத் தூணைவிடப் பூவரசங் கதியாலும் கிளுவங் கதியாலும் நல்லது. மாரி மழையில் நட்டால் தானாகப் பிடிக்கும், ஆழக் குழி தேவையில்லை. கல்லறை வரிசைக்குள் மரம் நட வேண்டாம். வேர் இறங்கும் இடம் உடல் இருக்கும் இடம். வேலி இல்லாத இடத்தில் கட்டாக்காலி மாடுகள் இரவில் வந்து படுத்து வரிசையைக் குழப்பிவிடும் என்பதால், கதியால் பிடிக்கும்வரை இரண்டு இழை முட்கம்பியாவது இழுத்துவிடுங்கள்.

உடைந்த கற்கள். இவற்றைப் பொருத்தி ஒட்ட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். பொருந்தாத துண்டைச் சீமெந்து வைத்துச் சேர்த்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது, ஒருவரின் கல்லில் இன்னொருவரின் பெயர் நிற்கும். எழுத்துள்ள துண்டுகளைப் புறம்பாக எடுத்து, கிடந்த இடத்தைக் கொப்பியில் குறித்து, துண்டின் பின்பக்கம் எனாமல் பெயின்ற்றால் இலக்கம் போட்டுப் படமெடுங்கள். எழுத்தில்லாத துண்டுகளைக் கனகபுரத்தில் செய்தது போல ஒரு குவியலாக அடுக்கலாம். அந்தக் குவியலே இன்றைக்கு ஒரு நினைவுக்கல்லாக நிற்கிறது. புதுக் கட்டடத்துக்குக் காசு சேர்ப்பதைவிட இந்த வேலை அவசரமானது. எழுத்து வருடா வருடம் மழையில் தேய்கிறது.

வரிசை போடுவதற்குக் கயிறும் முளையும் போதும். விளக்குக்கு விளக்கு 4 அடி, வரிசைக்கு வரிசை 6 அடி. இந்த 6 அடியைக் குறைக்கச் சொல்லி யார் கேட்டாலும் குறைக்காதீர்கள். பொல்லூன்றி வருகிற அம்மா ஒருவரும் அவரைப் பிடித்து வருகிற பிள்ளையும் சேர்ந்து நடக்க அந்த அகலம் வேண்டும். சேலைத்தலைப்பு பின்வரிசை நெருப்பில் படாமல் இருக்கவும் அதுதான் காப்பு. வரிசைக்கு 40 விளக்காக 25 வரிசை என்றால் 1,000 விளக்கு, அதற்கு 160 அடிக்கு 150 அடி, அரை ஏக்கரைச் சற்றுத் தாண்டும். நிலத்தின் பள்ளப் பக்கத்தைப் பார்த்து, வரிசைகளைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில் வாய்க்கால் கீறிவிடுங்கள். கார்த்திகையில் ஒரு மணித்தியால மழையே விளக்குகளை மிதக்கவிடப் போதும். 2024இல் அந்த வாரம் முழுக்க வெள்ளம். சனம் முழங்காலளவு சேற்றில் குடை பிடித்து நின்று ஏற்றியது.

விளக்குக்கு வருவோம். எல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது.

மண்சிட்டியைப் புதிதாக வாங்கி அப்படியே எண்ணெய் ஊற்றினால் பாதி எண்ணெயைச் சிட்டியே குடித்துவிடும். வாங்கியவுடன் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு இரண்டு நாள் நன்றாகக் காயவிட வேண்டும். காயாமல் எண்ணெய் ஊற்றினால் ஈரம் கிளம்பித் திரி படபடவென்று வெடித்து அணையும். மாரியில் வெயில் நிச்சயமில்லை என்பதால் இதைக் கார்த்திகை 15க்குள் முடித்துச் சாக்கில் கட்டி உயரத்தில் வைத்துவிடுங்கள். பத்துக்கு ஒன்று உடையும், வெடித்திருக்கும். 1,000 வேண்டுமென்றால் 1,120 வாங்க வேண்டும்.

சாதாரணச் சிட்டி 30 மில்லிலீற்றர் அளவு கொள்ளும். கணக்குப்படி ஒரு லீற்றருக்கு 33 வர வேண்டும், ஊற்றும்போது சிந்துவதைச் சேர்த்தால் 25தான் வரும். 1,000 விளக்குக்கு 40 லீற்றர் தேங்காயெண்ணெய். மெல்லிய திரி என்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்று எரியும். காசு போதாமல் மண்ணெண்ணெய் கலப்பவர்கள் உண்டு. சிட்டியில் அது வேண்டாம். சட்டென்று பற்றும், கறுத்துப் புகைக்கும், சுவாலை உயர்ந்து, குனிந்து நிற்கும் தாயின் முகத்துக்கு வரும். இருக்கும் காசுக்கு விளக்கைக் குறைத்தாலும் குறையுங்கள், எண்ணெயை மாற்றாதீர்கள்.

திரிக்குப் பழைய பருத்தி வேட்டி நல்லது. வேட்டி என்று வருகிற எல்லாமே இப்போது பருத்தி இல்லை. ஓர் இழையைப் பிடுங்கிக் கொளுத்திப் பாருங்கள். சாம்பலாகி உதிர்ந்தால் பருத்தி, உருகி மணியாகத் திரண்டால் பொலியெஸ்ரர். பின்னதை விளக்கில் போட்டால் உருகி எண்ணெயில் விழுந்து அணைந்துவிடும். ஒரு விரல் அகலத்தில் கிழித்து, சுண்டுவிரல் நீளத்துக்கு வெட்டி, இறுக்காமல் முறுக்க வேண்டும். இறுக்கி முறுக்கினால் எண்ணெய் ஏறாது. 26ஆம் திகதி இரவே திரிகளை எண்ணெயில் ஊறப்போட்டு மூடிய வாளியில் வையுங்கள். ஏற்றும் நுனியில் ஒரு சிட்டிகை கர்ப்பூரத் தூள் தடவினால் ஒரே தீக்குச்சியில் பற்றும். நூறு பேரும் ஒரே நிமிடத்தில் ஏற்ற வேண்டிய இடத்தில் இது பெரிய உதவி.

காற்று அந்த நாட்களில் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். விளக்கைக் கல்லின் அல்லது மண்மேட்டின் தென்மேற்குப் பக்கத்தில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மழைக்குப் பழைய கூரை ஓடு ஒன்றை வடகிழக்கு முதுகாக ஒரு முளையில் சாய்த்துவிடலாம். பிளாஸ்ரிக் கோப்பையைக் கவிழ்ப்பது, பொலித்தீனால் மூடுவது எல்லாம் செய்து பார்த்துக் கெட்டவை. உருகித் திரியின் மேல் ஒட்டும், நாற்றமும் வரும். வரிசைத் தொங்கலில் தீப்பந்தம் வைக்கிற வழக்கம் உண்டு. பெருவிரல் மொத்தத்தில் நான்கடித் தடி, நுனியில் பருத்தித் துணி சுற்றி, கம்பியால் மூன்று இடத்தில் கட்டு. கயிற்றால் கட்டினால் கயிறு எரிந்து பந்தம் கீழே விழும். பந்தத்துக்கு மட்டும் தேங்காயெண்ணெய் இரண்டு பங்கு, மண்ணெண்ணெய் ஒரு பங்கு. பெற்றோல் எந்தச் சந்தர்ப்பத்திலும் வேண்டாம். எரிகிற பந்தத்தில் போத்தலால் எண்ணெய் ஊற்றவும் வேண்டாம், சுவாலை போத்தலுக்குள் ஓடும். ஒவ்வொரு ஐந்து வரிசைக்கும் ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் இருக்கட்டும்.

தீப்பெட்டி நமத்துப்போகும். வரிசைக்கு ஒரு பிள்ளை, அவர் கையில் எரிகிற அரிக்கன் லாம்பு. அதிலிருந்து மெழுகுதிரியில் எடுத்துக் கொடுப்பதுதான் மழையில் தோற்காத வழி.

கார்த்திகைப்பூ அந்த நாட்களில் வேலியெல்லாம் பூத்திருக்கும். பூவைப் பறித்தால் போதும், கிழங்கோடு பிடுங்க வேண்டாம். கொடி அழிவது ஒரு பக்கம். அதன் கிழங்கில் உள்ள கொல்கிசின் ஆளைக் கொல்லும் நஞ்சு, கொடியிலும் பூவிலும் கூட அது உண்டு. சிறுபிள்ளைகள் கையில் கொடுத்தால் வாயில் வைக்காமல் பார்த்து, பிறகு கை கழுவ வைக்க வேண்டும்.

பெற்றோரில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களை 4.30க்கு முன்னால் கொண்டுவந்து, கதிரையில், தறப்பாளுக்குக் கீழே உட்கார வைக்க வேண்டும். தறப்பாளை நடுவில் உயர்த்திக் கட்டாவிட்டால் தண்ணீர் தேங்கி ஒருமிக்கக் கொட்டும். தேத்தண்ணீர், சீனி குறைவானது புறம்பாக ஒரு கலன். மலசலகூடம் கட்டாயம், பெண்களுக்கு வெளிச்சத்தோடு. அரசியல்வாதிகள் வந்தால் வரட்டும், சனத்தோடு சனமாக நிற்கட்டும். முதற்சுடரை ஏற்றுவது பெற்ற தாயோ தகப்பனோதான். பல இடங்களில் இரண்டு, மூன்று பிள்ளைகளைக் கொடுத்தவரை அழைக்கிறார்கள். யார் என்பதை ஒரு வாரத்துக்கு முன்னரே தீர்த்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் நின்று இழுபறிப்பட்டதைப் பெற்றவர்கள் பார்த்துக்கொண்டு இருந்த வருடங்கள் உண்டு. பொதுச்சுடர்ச் சட்டியை மேடைபோட்டு உயரத்தில் வைக்காமல் மூன்றரை அடியில் வையுங்கள். எழுபத்தைந்து வயது அம்மாவை ஏணியில் ஏற்றுவது மரியாதை இல்லை.

6.05க்கு மணி, 6.06க்கு அகவணக்கம், 6.07க்குச் சுடர். இந்த நேரம் பிசகக் கூடாது. 1996 தொடக்கம் 2006 வரை கொழும்பு கடிகாரத்தை மாற்றி வைத்திருந்தபோதும் வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. அந்தக் காலத்தில் ஓமந்தையைத் தாண்டினால் மணிக்கூட்டைத் திருத்த வேண்டும். இப்போது எல்லோர் போனிலும் ஒரே நேரம், ஆனால் மணி அடிப்பவர், ஒலிபெருக்கிக்காரர், சுடருக்குப் பக்கத்தில் நிற்பவர் மூவரும் ஒரே போனைப் பார்க்க வேண்டும். பக்கத்துக் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் முன்கூட்டியே சொன்னால் மணி ஒன்றாக ஒலிக்கும். 26ஆம் திகதி மாலை அதே நேரத்துக்கு ஒரு தடவை ஒத்திகை பார்த்தால் இருட்டு எவ்வளவு கெதியாக விழுகிறது என்று தெரியும். ஆறு மணிக்கு முன்னரே சூரியன் இறங்கிவிடும். ஜெனரேற்றர் ஒன்று நின்றால் இன்னொன்று இருக்க வேண்டும்.

சட்டப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். தடைசெய்யப்பட்ட அமைப்பின் கொடி, சின்னம், சீருடை, அதன் தலைவர்களின் படம் ஒன்றும் வளவுக்குள் வேண்டாம். அவற்றைக் காட்டித்தான் பொலிஸார் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கிறார்கள். உத்தரவு வந்தால் விளக்கில்லாமல் திரும்பிப் போவது பெற்றவர்கள். வெறும் சிவப்பு, மஞ்சள் துணித் தோரணம் போதும். ஏற்பாட்டுக் குழுவில் இரண்டு பேர் அன்று முழுக்க வழக்கறிஞர் ஒருவரோடு தொடர்பில் இருக்க வேண்டும். வருகிறவர்களை யாராவது படமெடுத்தாலோ விவரம் கேட்டாலோ பதில் சொல்வது அந்த இருவர் மட்டும். 2020இல் போலத் தடை வந்தால் வீட்டு முற்றத்தில் அதே நேரத்தில் ஏற்றலாம். கார்த்திகை விளக்கீடு அதை ஒட்டியே வரும் வருடங்களில் அந்த விளக்கையும் சேர்த்துக் கேள்வி கேட்பார்கள், கோயில் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்திருங்கள்.

28 காலை ஏழு மணிக்கு அதே ஆட்கள் திரும்ப வர வேண்டும். முதல்நாள் இருநூறு பேர் என்றால் அன்றைக்கு இருபது பேர்தான் வருவார்கள். அந்த இருபது பேரை முன்னரே பெயர் சொல்லிப் பிடித்து வையுங்கள். சிட்டிகளை எடுத்து, எண்ணெய் வடித்து, சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் பாதிக்கு மேல் அடுத்த வருடத்துக்கு உதவும். கம்பித் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும், மாடு தின்றால் செத்துப்போகும். படங்களையும் பெயர்த்தாள்களையும் குப்பையோடு சேர்க்காமல் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். அப்போதுதான் 'திகதி பிழை தம்பி' என்று ஒருவர் சொல்வார், உடனே கொப்பியில் திருத்துங்கள். கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து மூன்று பேரிடம் வைக்க வேண்டும், ஒருவர் ஊருக்கு வெளியே இருப்பது நல்லது. மிஞ்சிய தேங்காயெண்ணெயைப் பக்கத்துக் கோயிலுக்குக் கொடுத்துவிடலாம். பந்தத்துக்குக் கலந்ததை மட்டும் புறம்பாக, பெயரெழுதி, மூடி இறுக்கி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.